முந்தானை பற்றிய கைகள்

கதிரவன் கடலை விட்டெழ, மணல்வெளியெங்கும் வலைகள் உலர, அலையோசையை உளியோசை மிஞ்சப் பார்க்கும் மாமல்லையின் காலைப்பொழுதில், கற்பட்டறை ஒன்றின் ஓலைக்கொட்டகைக்குள் சிற்பி பிரிசில்லா, தான் வடித்த சிலையின் முன் விழிசிவக்க நின்றிருந்தாள். நற்றமிழ் நாடும் அன்பரே, பெருமிதத்தில் நின்றாள் என்று எண்ணிவிடாதீர். பாவம், அச்சத்தில் நின்றாள்.

சதுரங்கப்பட்டினத்து மீனவர் தம் கோயிலுக்கு வேண்டியது, கைகூப்பிக் கடல்நோக்கும் அன்னை மரியாளின் சிலை. பன்னாள் உழைத்து முகமும் சேலைமடிப்பும் முடித்து, விரல்களுக்கு மெருகேற்றும் வேளையில், கல்லினுள் ஒளிந்திருந்த விரிசல் வாய்பிளக்க, விரல்நுனிகள் யாவும் உதிர்ந்தன. ஊனமுற்ற சிலையை எவரும் வணங்கார். ஒட்டிக் கொடுப்பதோ அச்சிற்பிகள் தெருவில் களவுக்கு நிகர். அண்டைப் பட்டறையில், வரைந்து கொடுத்ததை இம்மியும் பிசகாமல் அறுத்துத் தரும் பொறி உறுமிக்கொண்டிருந்தது. அவளது முதற்பெருஞ்சிலையை வேண்டாமென்று ஊரார் அங்கே சென்றுவிட்டால், பிறகு அவளை நாடி யார் வருவார்?

விரல்கள் உதிர்ந்த அக்கணம், அவள் கைகள் தம்மையறியாமல் நெஞ்சருகே முந்தானையைக் கசக்கிப் பிடித்திருந்தன. குனிந்து அதைக் கண்டவள், அழுகையை நிறுத்தி உளியை எடுத்தாள். எஞ்சிய கல்லில், கூப்பிய கைகள் முந்தானையை இறுகப் பற்றிய கைகளாயின.

அன்று காலை, அம்மீனவரின் ஊர்ப்பெரியவர் அருளப்பன் தம் மனைவி வசந்தாவோடு வந்து பார்த்தார், முகம் கறுத்தார்.

“இன்னாம்மா இது? கும்புட்டுகினு இருக்கணும்னுதானே சொன்னோம்?”

“வெரலு ஒடஞ்சிபோச்சுங்க ஐயா. அதான் கைய மாத்திட்டேன். மறைக்க மனசு வரல. வேணான்னா சொல்லிடுங்க,” என்றாள் பிரிசில்லா.

வசந்தாவோ சிலையை நெருங்கி, அக்கல்விரல்களின்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பிறகு கணவனை நோக்கித் திரும்பினாள்.

“யோவ், புயல்ல படகோட காணாம பூட்டியே, அன்னிக்கு நா கும்புட்டேன்னா நெனச்ச? கும்புடக்கூட கை வரல. இப்டித்தான் புடிச்சிகினு நின்னேன். எனக்கு இந்த மாதாதான் வேணும்.”

இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் கேட்டறியாத சொல் அது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வண்டிய இட்டாரச் சொல்றேம்மா,” என்றார் அருளப்பன். பிரிசில்லா கல்தூசி படிந்த தரையிலேயே அமர்ந்து, அழுகையும் சிரிப்புமாய் மூச்சுவிட்டாள்.

பொறி பிழையின்றிச் செதுக்கும், யார் மறுத்தார்? ஆயினும் அதற்கு நடுங்கத் தெரியாதே! ஒருத்தியின் நடுக்கம் கல்லில் ஏறிற்று. மற்றொருத்தி அதில் தன் நடுக்கத்தைக் கண்டாள். கல் அதனை ஏற்றுக்கொண்டதனாலன்றோ, அன்று அவ்விருவர் நெஞ்சமும் இலேசாயின.