இடம் மாறாத நாவல்

மஹாவின் முதல் நாவலுக்கு ஆஸ்திரேலியாவில் பெரிய இலக்கியப் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே அவள் கணவன் ஹஸ்னைனுக்கு டெக்சாஸுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. பெர்த்தில் புத்தகக் கடைக்குப் போனால் நாலு பேராவது நின்று பேசுவார்கள். டெக்சாஸின் இர்விங்கில் அவளை அபார்ட்மென்ட் ஆபீஸில் மட்டும்தான் தெரியும்.

பெருநாள் விருந்து ஒன்றில் பிரியாணித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த ரோஷன் பேகம் ஆன்ட்டி விசாரித்தார்.

"நீ என்னம்மா பண்றே?"

"எழுதுறேன் ஆன்ட்டி."

"கன்டென்ட் ரைட்டிங்கா?"

"இல்ல ஆன்ட்டி. கவிதை, நாவல்."

"ஓ, டைம்பாஸுக்கு!"

"இல்ல, அதுதான் என் வேலை," என்றாள் மஹா. குரலில் கோபம் இல்லை, சங்கடமும் இல்லை.

கீழக்கரையில் பிறந்தவள். சின்ன வயதிலேயே வாப்பா, உம்மாவோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைச் சீமைக்குப் போனாள். அந்தச் சிற்றூருக்கு வாப்பா ஒருவர்தான் டாக்டர். வருடா வருடம் மண்ணுக்குள்ளிருந்து உப்பு மேலேறி, ஒவ்வொரு வயலாக வெளுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் பள்ளியில் முதல் கவிதையை எழுதினாள். பிறகு டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்டாள். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினால் உட்கார்ந்து புலம்பமாட்டாள். திருத்தி மறுபடி அனுப்புவாள். நாவலிலும் அந்த ஊரையே வைத்தாள். உப்பு அரிக்கும் ஊர், அங்கே ஒரு டாக்டரின் மகள், அத்தியாயங்களுக்கு நடுவே அந்தப் பெண் எழுதும் கவிதைகள்.

அமெரிக்கப் பதிப்புக்காக நியூயார்க்கின் பெரிய பதிப்பகம் ஒன்று முன்வந்தது. அதன் எடிட்டர் ஷ்ரேயா ஒரு கான்ஃபரன்ஸுக்காக டாலஸ் வந்தபோது இர்விங்கின் லாஸ் கொலினாஸ் பகுதியில் காபி குடிக்கச் சந்தித்தார்கள். ஷ்ரேயா நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். புத்தகத்தை மனசாரப் புகழ்ந்தாள். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். இங்கே வாசிப்பவர்களுக்கு அந்த ஊர் ரொம்ப தூரம். கதையை வெஸ்ட் டெக்சாஸுக்கு மாற்ற வேண்டும். கவிதைகள் வேகத்தைக் குறைக்கின்றன, எடுத்துவிட வேண்டும்.

மஹா உடனே மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு அத்தியாயத்தை மாற்றிப் பார்த்தாள். ஆஸ்திரேலியாவில் டிசம்பர்தான் கோடை; அவள் நாவலில் கிறிஸ்துமஸ் வெயிலில் அறுவடை நடக்கும்; வயலில் தீப்பிடிக்கும்; பெருநாள் போல விளக்குப் போட்ட ஊர்க்கூடத்தில் அந்தப் பெண்ணின் வாப்பா தீக்காயங்களுக்குக் கட்டுப் போடுவார். டெக்சாஸ் டிசம்பரில் குளிர். அறுவடை இல்லை, தீ இல்லை, வாப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை. கதை கையில் நிற்காமல் நழுவியது.

"மச்சான், நான் நோ சொல்லப் போறேன்."

ஹஸ்னைன் லேப்டாப்பை மூடினான். "அவ்ளோ பெரிய பப்ளிஷர். இன்னொரு தடவை யோசிக்கலாமே?"

"யோசிச்சு, எழுதியும் பாத்துட்டேன். வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு."

"அப்ப சொல்லிடு."

ஷ்ரேயாவுக்கு போன் போட்டாள். "நாவல் எங்க நடக்குதோ அங்கேதான் நடக்கும், ஷ்ரேயா. கவிதையும் இருக்கும்."

"யூ ஆர் மேக்கிங் எ மிஸ்டேக்," என்றாள் ஷ்ரேயா, வருத்தத்தோடு.

"பரவாயில்ல. என் மிஸ்டேக்கா இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாளே ஆஸ்டினில் இருந்த ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு நாவலை அனுப்பினாள். ஒரு வரியும் மாறாது என்று முதலிலேயே எழுதிவிட்டாள். கவிதைகளுக்காகவே போடுகிறோம் என்று பதில் வந்தது.

புத்தகம் வந்ததும் இர்விங் நூலகத்தில் வாசித்தாள். கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. உப்பு வயல் கவிதையை அவள் முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி எழுந்து வந்தாள். வெஸ்ட் டெக்சாஸில் லபக் நகரத்துப் பக்கம் பருத்தி போடுகிறவள், மகள் வீட்டுக்கு வந்திருந்தாளாம்.

"எங்க நிலத்துலயும் இப்படித்தான் வெள்ளையா பூக்குது," என்றாள். "உங்க ஊர்ல என்ன செஞ்சாங்க? தெரிஞ்சுக்கணும். நீங்க எங்க ஊருக்கு வந்து இதைப் படிக்கணும்."

போனார்கள். ஹஸ்னைன் கார் ஓட்ட, மஹா வழியெல்லாம் கவிதைகளைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டே வந்தாள். விவசாயிகள் கூடம் நிரம்பியிருந்தது. எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மரம் நட்டார்களா, வடிகால் வெட்டினார்களா, பிழைத்த வயல் எது என்று கேட்டுத் துளைத்தார்கள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அவர்களுக்குள்ளேயே மழையைப் பற்றிச் சண்டை மூண்டது. மஹா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டை ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணு படிங்க."

மஹா பக்கத்தைப் புரட்டினாள்.