பாட்டு இறங்கும் இடம்

…இல்லை, முள்ளாக இருக்க முடியாது, முள்ளைப் போன வாரம்தான் மாற்றினேன், முள் தேய்ந்தால் பாட்டு கரகரக்கும், இப்படி இழுக்காது, இது வேறு, தூக்கம் சொக்குகிறவன் பேச்சு மாதிரி மெல்ல இறங்கி, கனத்து, அப்புறம் தானாகவே விழித்துக்கொள்கிறது, ஏன்? நாளைக் காலை சேரப்பணஞ்சேரியில் கல்யாணம், தாலி கட்டுகிற நேரத்தில் இப்படி இழுத்தால் ‘முனிரத்தினம் ரேடியோ செட்’ என்று என் கடைப் பலகையில் எழுதியதை அழித்துவிட வேண்டியதுதான்… பழைய ரெக்கார்டு பிளேயர், எனக்கு முன்னால் எத்தனை பேர் கை பட்டதோ, ஒரு தொல்லை என்றால் பிடித்துவிடலாம், இதில் மூன்று, தட் தட் என்று அடிப்பது ஒன்று, உம்மென்று அடியில் ஓடுவது ஒன்று, இந்த இழுப்பு ஒன்று, மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஒரே குழப்பம், பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றும் தன் முகவரியைத் தானே சொல்லும். சொல்லட்டும். சாயங்காலம் வரை இதில் மனம் கிடக்கட்டும், சாயங்காலம் பொன்னியம்மன் கோயிலில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், பங்குக் கிணற்றில் அண்ணனின் முறைத் தண்ணீரை நான் திருடவில்லை என்று… திருடவில்லைதான், ஆனால் சத்தியம் கேட்டவன் வீட்டிலும் சத்தியம் செய்தவன் வீட்டிலும் அதன் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடப் புழங்குவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம், ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, எப்படிப் புழங்காமல் இருப்பது?

தட் தட்டை முதலில் பார்ப்போம். பாட்டு ஓடும் தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், கோடு என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரே ஒரு தட் என்றால் பழுது ரெக்கார்டில், எங்கேயோ கீறல், கோடு ஒரு சுற்று வருவதற்குள் பல தட் என்றால் தட்டைவிட வேகமாகச் சுற்றுகிற ஏதோ ஒன்றில், தட்டைவிட வேகமாக உள்ளே சுற்றுவது எது? மோட்டாரின் சின்ன அச்சுக்கும் பெரிய தட்டுக்கும் நடுவில் நின்று சுழற்சியை வாங்கிக் கொடுக்கிற ரப்பர் சக்கரம், நினைக்க நினைக்க அழகு, இருவரையும் தொட்டுக்கொண்டு தான் மட்டும் தேய்கிற சக்கரம்… தட்டைத் தூக்கிப் பார்த்தால் அதேதான், யாரோ நிறுத்தும்போது சக்கரத்தை விலக்காமல் விட்டிருக்கிறார்கள், இரும்பு அச்சு அழுத்தி அழுத்தி ரப்பரில் ஒரு பள்ளம், பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு தட். உப்புத்தாளை மடித்துச் சுற்றிலும் தேய்த்தேன், விரலால் தடவினால் இன்னும் லேசாகத் தெரிந்தது, இன்னும் கொஞ்சம்.

முற்றத்துப் புங்க மரத்தடியில் அண்ணன் எல்லப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வைக்கோலை முறுக்கிப் பிரி திரித்துக்கொண்டிருந்தார், இன்று கிணறு ஊறட்டும் என்று விட்ட பகல், இருட்டியதும் அவர் முறை, ஒவ்வொரு தடவையும் அவர் முறையில் இறங்கிப் பார்த்தால் ஊறியிருக்க வேண்டிய தண்ணீரில் பாதி இல்லை. என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது, பேசுவது எல்லாம் என் கன்றுக்குட்டியோடுதான். “கெணறு ஊறறதுக்குள்ள உறிஞ்சிடறாங்க, அப்பால சோக்கா பாட்டும் கேட்டுகினு கீறாங்க, இன்னா சொல்ற நீ?” என்றார் கன்றிடம். உள்ளேயிருந்து என் மனைவி கங்கா முறத்தோடு வந்து அதே கன்றின் முன்னால் நின்றாள். “ஏண்டி கண்ணு, மோட்டார் கொட்டாய்க்கு சாவி ரெண்டு கீதே, ஒண்ண மட்டும் ஏன் மொறச்சி மொறச்சி பாக்கறாங்கன்னு கேளு.” “கன்னுக்குட்டிக்கு வாய் நீண்டு பூட்சி, கயித்த குறுக்கித்தான் கட்டணும்.” “கட்டட்டும் கட்டட்டும், சொந்தக் கன்ன கட்டறவங்க கட்டிக்கட்டும்.” எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணனுக்கும் வந்திருக்கும், மீசையைத் துடைத்துக்கொண்டார், நல்ல மனிதர், பயிர் காய்கிற கோபம், அவர் இடத்தில் நான் இருந்தால் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன், வேறு யார் இருக்கிறார்கள்?

சக்கரத்தைப் பூட்டி ஓட விட்டேன், தட் போய்விட்டது. உம்மென்ற சத்தம், முள் கையைத் தூக்கின பிறகும் இருந்தது, அப்படியானால் ரெக்கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கரண்டு வருகிற வழியில் வருவது, ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை அதில் கட்டினேன், சத்தம் மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று. மிச்சம் இழுப்பு. இதுதான் விளையாட்டுக் காட்டுகிறது, சுங்குவார்சத்திரத்தில் என் கடையில் நாள் முழுக்கப் பாடினாலும் இழுக்காது, வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான், அதுவும் எப்போதாவது… ஒரே மிஷின், ஒரே ரெக்கார்டு, இடம் மட்டும் வேறு. அப்படியென்றால் பழுது மிஷினில் இல்லை, இடத்தில். தோன்றியதும் ஒரு பல்பை எடுத்துப் பக்கத்தில் மாட்டி எரிய விட்டேன், பகலில் பல்பு எதுக்கு என்று கங்கா கேட்டாள், இரு இரு என்றேன், பிளேயர் இழுக்கும்போது பல்பு மங்காமல் எரிந்தால் குற்றம் பிளேயருடையது, பல்பும் சேர்ந்து மங்கினால் இரண்டுக்கும் வருகிற கரண்டே குறைகிறது என்று அர்த்தம். மேல்மடைக்காரன் வாய்க்காலைத் திறந்தால் கீழ்மடையில் தண்ணீர் சட்டென்று இறங்குமே, அதேபோல், பெரிய மோட்டார் ஒன்று எழுந்திருக்கும்போது லைனில் இருக்கிற கரண்டை ஒரே மடக்காகக் குடிக்கும், என் சின்ன மோட்டார் களைத்துச் சுற்றும், பாட்டு இறங்கும்…

டக். குழாய் ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு வெடிப்பு, உடனே பாட்டு இறங்கியது, பல்பு சிவந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து எழுந்தன. எவ்வளவு துல்லியம், கை தட்டாத குறை, பிடித்துவிட்டேன், அந்த டக் ஸ்டார்ட்டர் பொத்தான் தொடும்போது தெறிக்கிற பொறி, இந்தக் கிளை லைனில் அவ்வளவு குடிக்கிற மோட்டார் எது? பாண்டுரங்கன் மாவு மில், இன்று அது மூடியிருக்கிறது, அப்புறம்… அப்புறம் எங்கள் கிணறு. மேலே கொட்டாயில் இருப்பது பொத்தான் மட்டும்தான், மோட்டார் கிணற்றுக்குள் திட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதன் சத்தம் மேலே ஏறாது, பகலில் எவன் வீட்டிலும் விளக்கு எரியாது, மங்கினால் யார் பார்ப்பது? என் சாவி இதோ ஆணியில். அண்ணன் இதோ கட்டிலில். அண்ணனின் சாவி? அது என்றைக்கு அண்ணனிடம் இருந்தது, அண்ணி சந்திரம்மாளின் இடுப்புக் கொத்தில் அல்லவா… கிணற்றுக்கு வடக்கே அவள் அப்பா அவளுக்கென்று கொடுத்த துண்டு நிலம், கனகாம்பரம், இந்த வெயிலில் ஊரெல்லாம் கீரை கருகிக் கிடக்க அங்கே மட்டும் கொத்துக் கொத்தாக, குடத்தில் சுமந்து ஊற்றுகிறாள் என்று எல்லாரும் சொன்னோம், கை ராசி என்றோம். கிணற்றில் அண்ணனுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, பூங்கொல்லைக்குப் பங்கில்லை, கேட்டாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தும் நான் முள் கையைத் தூக்கவில்லை. சொன்னால் சூடம் வேண்டாம், சத்தியம் வேண்டாம், அண்ணனும் நானும் நாளைக்கே ஒரு சட்டியில் சாப்பிடுவோம், ஆனால் ஊர் முன்னால் அண்ணி நிற்க வேண்டும், அண்ணன் கை ஓங்குகிறவர் இல்லை, இருந்தாலும் ஊர் முன்னால் தன் பெண்டாட்டி என்றால் எந்த மனிதர் என்ன ஆவார் என்று யாருக்குத் தெரியும்… சொல்லாவிட்டால் இரண்டு வீடும் போச்சு. “இன்னாடா, ரிப்பேரு வேல ஆயிப்போச்சா?” திரும்பினேன். கன்றைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஒரு மாதத்துக்குப் பிறகு, அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், உடனே கையிலிருந்த பிரியைப் பார்த்துக்கொண்டார். “ரப்பர் சக்கரம்ணா, பள்ளம் வுழுந்து கெடந்துது,” என்றேன். பொய் இல்லை. ஒரு திருகாணியைப் பற்றிக் கேட்டாலே அரை மணி நேரம் பேசுகிறவன், இவ்வளவு சின்னதாக நான் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை, கங்காகூட நிமிர்ந்து பார்த்தாள்.

கொல்லைப் பக்கமிருந்து அண்ணி பூக்கூடையோடு வந்தாள், புழுதிப் பாதையில் நடந்து வந்தவளுக்குக் கணுக்கால் வரை கழுவிய கால். நேரே உள்ளே போகவில்லை, பிளேயர் பக்கத்தில் வந்து நின்றாள், சும்மா சுற்றுகிற தட்டையும் எரிகிற பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள். “பாட்டு நடுவுல அசந்து அசந்து போச்சே, கொல்லையிலேர்ந்து கேட்டுகினு இருந்தேன் தம்பி. போன வாட்டியும் இப்டித்தான். எதனால அது?” பயந்தவள் கேட்பாளா? எனக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான் கேட்கிறாளா? இல்லை, பொத்தானை அழுத்தியதும் தூரத்தில் ஒரு பாட்டு தலை சாய்வதைக் கேட்டு, கையை எடுத்து, மறுபடி அழுத்திப் பார்த்து, தன் விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேயே நின்று யோசித்திருப்பாளா… கங்கா “ஆச்சா” என்று கேட்பாள், அண்ணன் “ஆயிப்போச்சா” என்று கேட்பார், இந்த முற்றத்தில் இத்தனை வருஷத்தில் “எதனால” என்று யாராவது என்னைக் கேட்டிருக்கிறார்களா? அண்ணனின் கையில் பிரி நின்றுவிட்டது, அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.