நாலாம் நம்பர் குழி

பழைய பேட்டரி உடைத்துக்கொண்டிருந்த கடையைக் காலி பண்ணிவிட்டு அங்கே குழந்தைகள் காப்பகம் கட்டப்போவதாக ஏற்பாடு. கட்டுமுன் மண்ணில் பேட்டரி ஈயம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஆறு குழி போடச் சொன்னார்கள். துளைக்காரனுக்கு இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. மெஷினைச் சேர்ந்து பிடிக்க அவன் மச்சான், பெண்டாட்டியின் தம்பி.

மூன்று குழி சொன்ன பேச்சைக் கேட்டது. நாலாவதை, மண் சோதிக்கிற மேடம் கடைத் தளத்துக்கு நடுவில் குறித்திருந்தார். தளம் முழுக்கக் கான்கிரீட். ஒரு மணி நேரம் குடைந்தும் நாலு விரல்கூட இறங்கவில்லை. துளைக்கிற முனை, அந்த பிட், மழுங்கிப் பல் கொட்டிய வாய் மாதிரி ஆகிவிட்டது.

"மாமா, ரெண்டடி தள்ளிப் போடுவோம். அங்க தளத்தை வெட்டிக் குழாய் புதைச்சு வெளி மண்ணு கொட்டி மூடியிருக்கான். பஞ்சா இருக்கும்," என்றான் மச்சான்.

"மேடம் குறிச்சது இங்கதானடா."

"மண்ணுல என்ன பாகுபாடு? பொண்ணா பார்க்கப் போறோம், வீட்டைத் தேடிப் பிடிச்சு நுழைய?"

குழியைத் தள்ளிப் போடுவது தொழிலில் குற்றமில்லை. தள்ளிப் போட்டேன் என்று தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதினால் மேடம் புது பிட்டோடு திரும்பி வரச் சொல்வார். அவர்கள் தள்ளிப் போட்டார்கள், எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் குழிகளை அடைக்கப் போனபோது மேடமும், காப்பகம் நடத்தப்போகிற டீச்சரும் வரைபடத்தை விரித்து நின்றிருந்தார்கள்.

"மத்த அஞ்சுலயும் கொஞ்சம் ஈயம் இருக்கு. அங்கெல்லாம் மேல தளம் போட்டு மூடிடலாம்," என்றார் மேடம். "நாலாம் நம்பர்தான் ஆச்சரியம். துளிகூட இல்ல. அந்தத் தளத்தை உடைச்சுட்டு, பிள்ளைங்க மண்ணுல விளையாடுற இடத்தை அங்க வச்சுக்கலாம்."

"ரெண்டு வயசுப் பிள்ளைங்க மேடம். கைக்கு வந்தது வாய்க்குப் போகும். நல்ல மண்ணுதானே?" என்றார் டீச்சர்.

மச்சான் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை.

டீச்சர் துளைக்காரன் பக்கம் திரும்பினார். "சமையல் வேலை உங்க வீட்டம்மாவுக்குத்தானே, ஒண்ணாம் தேதியே வரச் சொல்லுங்க. சமையலறைக்கு என்னென்ன வேணும்னு அவங்களே வந்து சொல்லட்டும்."

அவன் பெண்டாட்டி பதினாலு வருஷமாகக் கட்டட வேலையில் கலவைச் சட்டி தூக்குகிறவள். முட்டி தேய்ந்து, மாடிப்படியைக் கண்டாலே திட்டுவாள். காப்பகத்தில் உட்கார்ந்து காய் நறுக்கலாம் என்றதிலிருந்து வீட்டில் அவள் குரலே மாறியிருந்தது.

அன்று சாயங்காலம் அவன் சொன்னான்: "நாலாவது குழி நாலாவது குழி இல்ல."

"பின்ன, அஞ்சாவதா?"

முழுக்கச் சொன்னான். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"யாரு யோசனை?"

"உன் தம்பி."

"அவனுக்குத்தான் மூளை கிடையாது. தலையாட்டுன உங்களுக்கு?"

"நான் சொன்னா உன் வேலை போயிடும்."

"தெரியுது."

"சொல்லாம விட்டா..."

"அங்க சமைச்சுப் போடப்போறவ நான். சோறு ஊட்டுற கையால அந்தப் பிள்ளைங்க வாயிலேர்ந்து மண்ணையும் நான்தான் தோண்டி எடுக்கணும்." வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு என் முன்னாடி நிக்காதீங்க."

மேடம் திட்டவில்லை. குறித்த இடத்திலேயே, தன் கண்முன்னே, மறுபடி போடச் சொன்னார். புது பிட் வாங்கினார்கள். தளத்தைத் தாண்டியதும் சாம்பல் நிறத்தில் சேறு வந்தது. மூக்கைச் சுளிக்க வைக்கும் புளிப்பு வாடை. மச்சானே இரண்டு எட்டு பின்னால் போனான். இடுப்பளவு ஆழம்வரை அதே நிறம். லேப் முடிவு வந்தபோது, அதைப் படிக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மண்ணைத் தோண்டி அகற்றி, மறுபடி சோதித்து முடிக்க ஒரு வருஷம் ஆகும் என்றார் மேடம். டீச்சர் வரைபடத்தை மடித்தார். "ஒரு வருஷம் என்னால காத்திருக்க முடியாது. வேற இடம் பார்க்கிறேன்," என்றார். ஊருக்கு அந்தக் கோடியில் ஏதோ இடம். இரண்டு பஸ் மாறிப் போகணும், பெண்டாட்டியின் முட்டிக்கு அது ஆகாது. துளைக்காரனிடம் "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்கும். மேடம் அதன் பிறகு அவர்களை வேலைக்குக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை பெண்டாட்டி முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆள் ஏற்றுகிற வண்டிக்குப் போனாள். அவன் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஐந்து நாளாக அவனோடு பேசாதவள், வண்டியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"அந்த மண்ண தோண்டி எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க?"

"தெரியல."

"எங்க கட்டடத்துல பள்ளம் ரொப்ப வாரத்துக்கு ரெண்டு லாரி மண்ணு வருது. எங்கேர்ந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது." பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "வேலைதான் இல்லையே, சும்மா இருக்காம போய் விசாரிங்க."