மேடைக்கு அடியில் ஒரு நட்டு

என் கணவருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. விழுந்தது அவருடைய கை. அதன் வேலையெல்லாம் என் தலையில் வந்து விடிந்தது. பொத்தான் போட நான், முகம் மழிக்க நான், அவர் பலகை அறுத்தால் மறுமுனையைப் பிடிக்க நான். அவர் தச்சர். நான் ஒரு தையல் கடையில் இருந்தேன். கடைக்கார அம்மா என் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். போன வாரம் அவருக்கும் பொறுமை போய்விட்டது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

நான் வெளியே போக வேண்டுமென்றால் இவர் தனியாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். சட்டை மாட்டும் பலகை செய்யலாம் என்று முடிவானது. வரிசையாகத் துளை போட்டு முளை அடித்தால் போதும். அதற்காகத்தான் அந்த டிரில்லிங் மெஷினை வாங்கி, பின் அறையில் நிறுத்தினோம். இருப்பதிலேயே மலிவானது. தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் வரும்.

என் தம்பி எலக்ட்ரீஷியன். லீவு நாளெல்லாம் வந்து அதைப் பிரித்து மேய்ந்தான். வலப்பக்கக் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றினான். சுவிட்சைக் காலுக்குக் கொண்டுவந்தான். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு தட்டு தட்டினால் பலகையை இறுக்கும் பிடியும் வைத்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். இவருக்கு அந்தத் தயவு கேட்காமலே கிடைத்தது, ஒரு நல்ல வார்த்தைதான் வாயில் வரவில்லை.

பெல்ட் வழுக்குகிறது என்றார், மாற்றினோம். பேரிங் இரைகிறது என்றார், அதையும் மாற்றினோம். பெடல் எட்டவில்லை என்றார், நகர்த்தினோம். ஆடத் தெரியாதவனுக்குத் தெரு கோணலாம். ஆனால் இவர் ஆடத் தெரிந்தவர். அதனால்தான் ஒவ்வொரு முறையும் நம்பினேன். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கடைசியில் மேடை சாய்கிறது என்றார். பலகை வைக்கிற மேடை சாய்ந்தால் துளை கோணலாக விழும். சனிக்கிழமை சாயங்காலம் தரையில் மல்லாந்து படுத்து, மேடைக்கு அடியில் இருக்கும் நட்டை என் பலம் மொத்தமும் கொடுத்து முடுக்கினேன். நான் படுத்திருக்கும்போதே அவர் போட்டுப் பார்த்த துளைகள் நேராக விழுந்தன. பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான். எழுந்திருக்கும் முன் நட்டின் மேலும் இரும்பின் மேலும் சேர்த்துத் தையல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். இரண்டு துணி ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தால் தெரிய வேண்டுமே என்று கடையில் அப்படிப் போடுவோம். கைப்பழக்கம்.

ஞாயிறு காலை கூப்பிட்டார். மேடை சாய்ந்திருந்தது.

"ஆடி ஆடி லூசாயிருக்கும். இது தேறாது. கடைக்கார அம்மாகிட்ட இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாரு," என்றார்.

மறுபடியும் படுத்தேன். கோடு உடைந்திருந்தது. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், இரும்பில் இருந்த பாதி ஒரு பக்கம். கோடு போட்ட பிறகு மெஷின் ஓடவே இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷினையே தள்ளிவிட்டிருப்பேன். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் மூச்சைப் பிடித்து முடுக்கிய நட்டை இந்த மனிதர் தானாகவே தரையில் படுத்து, ஒற்றை இடது கையால் கழற்றி, தானாகவே எழுந்தும் போயிருக்கிறார்.

ஸ்பேனரை அவர் பக்கம் நீட்டினேன்.

"கழட்டின கையாலயே முடுக்குங்க."

அவர் மறுக்கவில்லை. ஸ்பேனரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு," என்றார்.

இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கு வீட்டுலயே இருந்துடுவேனோன்னு பயமா இருக்குங்க."

சொன்ன பிறகு அழுதேன். அவர் சுவரைப் பிடித்து மெதுவாகத் தரையில் இறங்கி, என் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். நட்டில் ஸ்பேனரை மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. உதவிக்கு நீண்ட என் கையை முழங்கையால் தள்ளிவிட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டார்.