ஊசியைத் தூக்கி வையிலே

பிரம்மநாயகி மதினி சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தாள். அதனால் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். மஞ்சளும் பூவுமாகப் போனவளின் பொருள் ஒன்று நம் வீட்டில் இருந்தால் நமக்கும் அப்படியே வாய்க்கும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை ஒரு பக்கம். மதினியிடம் நல்ல சேலைகள் இருந்தன என்பது இன்னொரு பக்கம்.

மதினியின் வீட்டுக்காரர் தாணுமாலையம் பிள்ளை அண்ணாச்சி பீரோவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார். குங்குமச் சிமிழ் ஒருத்திக்கு, வளையல் ஒருத்திக்கு. எனக்கு அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

யாரும் கேட்காமல் மிஞ்சியது உள்ளறைச் சுவரில் இருந்த கண்ணாடி. மதினி குட்டை. அவள் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியது. ராத்திரி படுக்கப் போகும்போது நெற்றியில் இருந்து எடுக்கிற ஸ்டிக்கர் பொட்டை அவள் அந்தக் கண்ணாடியில் ஒட்டி வைப்பாள். மேலே எல்லாம் அகலப் பொட்டு, நல்ல மெரூன். கீழே வரவரச் சிறிசு. உடம்புக்கு முடியாமல் போனபிறகு பெரிய பொட்டு நெற்றியை அரிக்கிறது என்று சின்னதாக வாங்க ஆரம்பித்தாள். கடைசி வரிசை மிளகு அளவுதான் இருக்கும். வைத்துக் கழித்த பொட்டை யார் கேட்பார்கள்?

“அண்ணாச்சி, ஒரு ஈரத்துணியப் போட்டுத் தொடச்சிரட்டா?” என்று நான்தான் கேட்டேன்.

“வேண்டாம்மா. அங்கன யாரும் கை வைக்கப்பிடாது.”

அன்றைக்கு அவர் மாட்டேன் என்று சொன்ன ஒரே விஷயம் அது. அதற்குப்பிறகு சவரம் செய்வதுகூடக் கைக்கண்ணாடியை வாசலில் வைத்துத்தான். சோப்பு நுரை தெறித்துவிடுமாம். ஆனால் தினமும் விடியுமுன், விளக்குப் போடாமல் உள்ளறைக்குப் போய், கொஞ்சம் குனிந்து, அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வருவார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் அடுக்களை ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

மகன் கார்த்திகேசன் பம்பாயில் ஒரு கேசட் பதிவுக் கூடத்தில் இருந்தவன். அம்மா சாவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அப்பாவுக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டதாக அவன் சொன்னான். அங்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்று வேறு இடத்தில் கேள்வி. இரண்டையும் நம்பி வைத்திருக்கிறேன். கண்ணாடி விஷயத்தை அண்ணாச்சி மகனிடம் சொன்னாரா என்றால், அந்த வீட்டில் அப்பனும் மகனும் பேசுவது ‘மோர் வேணுமா’, ‘வேண்டாம்’ என்கிற அளவில்தான். மதினிதான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் உண்டு. கூட்டுறவு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் மதுரைக்கும் மெட்ராஸுக்கும் போகும்போதெல்லாம் வாங்கியது. நாகசுரம், வயலின், பழைய சினிமாப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிளேயரைத் திறந்துவிடுவார். எங்கள் வீட்டு எண்ணெய்க் குளியல் அவருடைய நாகசுரத்தில்தான் நடக்கும். மதினி போனதும் பெட்டியை மூடிவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவதோடு சரி.

அவர் ஆற்றுக்குப் போகிற நேரத்தில்தான் கார்த்திகேசன் பெட்டியைத் திறந்தான்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாகசுரத் துண்டு, இரண்டு மூச்சுக்கு நடுவில் வருகிற ஒரு சின்ன இழுப்பு, அடியில் தவில் ஒரு உருட்டு. அதுவே திரும்பத் திரும்ப வந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“என்னலே கார்த்தி, பாட்டு ஒரே எடத்துல நொண்டுது?”

“நொண்டல அத்தை. நான்தான் நொண்ட வைக்கேன்.”

“அதென்ன வேண்டுதலா?”

“ஹிப்-ஹாப்னு ஒண்ணு இருக்கு அத்தை. பழைய ரிக்கார்டுல ஒரு துண்ட எடுத்து, அதையே சுத்த விட்டு, கீழ தாளம் போடணும். அது மேல ஒருத்தன் பேசுவான்.”

“பாட மாட்டானா?”

“பேசுவான். வேகவேகமா.”

“அதுக்கு எங்க பெரிய நாத்தனா போதுமேலே. பம்பாய்க்கு அனுப்பி வைக்கட்டா?”

சிரித்தான். மதினி செத்தபிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனிடம் ரெண்டு கேசட் போடுகிற டேப்ரிக்கார்டரும், தட்டினால் தாளம் வருகிற ஒரு சின்னப் பெட்டியும் இருந்தன. சுற்றுகிற துண்டை விடாமல் நாலு நிமிஷம் கேசட்டில் பதிய வேண்டும். அதற்கு மேல் தாளத்தைச் சேர்க்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி ஜெயராம் என்று பம்பாயில் கூட வேலை பார்த்தவன் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிட்டால் அங்கே ஒரு கோஷ்டி காத்துக்கொண்டிருக்கிறது, பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். இவ்வளவும் ஒரு முருங்கைக்காயை நான் நறுக்கி முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். அவனுக்கும் பேச ஆள் இல்லைதானே.

ஐப்பசி பிறந்தது. மேற்கே மலையில் கொட்டிய மழைக்கு ஆறு செக்கச்செவேல் என்று கரையோடு போனது. துறைப்பக்கம் யாரும் இறங்கக்கூடாது என்று தண்டோரா. அண்ணாச்சி கொல்லைக் கிணற்றில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்தார். அப்போதுதான் ஆரம்பித்தது.

“ஏலே! ஊசி மாட்டிக்கிட்டு. தூக்கி வையிலே!”

“இருக்கட்டும்ப்பா. தெரிஞ்சிதான் வச்சிருக்கேன்.”

“தெரிஞ்சி வைக்கியா? ரிக்கார்டு தேஞ்சிபோவும்லே கூறுகெட்டவனே!”

கட்டில் கிறீச்சிட்டது. குளிக்கவும் கண்ணாடிக்கும் அல்லாமல் அண்ணாச்சி தானாக எழுந்து நடந்தது மதினி போனபிறகு அதுதான் முதல் தடவை. எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. பிளேயர் இருக்கும் பட்டாசாலைக்கு வந்தார், சுண்டுவிரலால் ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். மகன் பதிந்துகொண்டிருந்தது அத்தோடு போச்சு. கேசட்டைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஆரம்பித்தான். மறுபடி வந்து தூக்கினார். அவரால் தாங்க முடியாது. ஊசி மாட்டிக்கொண்ட சத்தம் காதில் விழுந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போகிறவர். மகனாலும் நிறுத்த முடியாது, தீபாவளி கிட்டே வந்துவிட்டது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பியூலா டீச்சர் சொன்னாள்: “இப்பதான் அப்பாவும் மகனும் சேந்து ஒரு வேல செய்யுதாங்க. ஒருத்தர் வைக்காரு, ஒருத்தர் எடுக்காரு.”

தெருவே அந்த இழுப்புக்குப் பழகிவிட்டது. துணி துவைக்கும்போது என் கை தானாக அந்த அளவில்தான் விழுந்தது.

பொட்டை முதலில் பார்த்ததும் பியூலாதான். கார்த்திகேசன் ஜன்னல் திண்டில் ஒரு இசைத்தட்டைக் காய வைத்திருந்தான். அதன் மேல், கோடுகளுக்கு நடுவில், ஒரு மெரூன் பொட்டு. நானும் எட்டிப் பார்த்தேன். மறுநாள் இன்னொரு தட்டில் இன்னொன்று. பொம்பளை இல்லாத வீட்டில் பொட்டு எங்கிருந்து வரும்? பியூலா பொட்டு வைக்காதவள், அதனால் அவள் தப்பித்தாள். எதிர்வீட்டில் டைப்ரைட்டிங் படிக்கிற விஜயஸ்ரீ மெரூன் பொட்டு வைப்பாள். நாங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. எதிர்வீட்டைப் பார்த்தோம், அவ்வளவுதான். அதற்கே அந்தப் பிள்ளையின் அம்மா ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள்.

தீபாவளி அன்று துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பலகாரம் கொடுக்கவேண்டும். மத்தியானம் நான் முந்திரிக்கொத்தும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டாசாலையில் அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். கார்த்திகேசன் கொல்லையில் ஏதோ வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி முதலில் என் சேலையைப் பார்த்தார். அரக்குக் கரை, பச்சை. பிறகு தட்டைப் பார்த்தார்.

“வையிம்மா அங்கன.”

வைத்தேன். வந்ததற்கு ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா?

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. வீட்டுல பொம்பள நடமாட்டம் எதுவும் உண்டுமா?”

“பொம்பளயா? இங்க நானே ஒழுங்கா நடமாடல.”

“இல்ல, ரிக்கார்டுல பொட்டு ஒட்டிக் கெடக்கு. அதான், வயசுப் பையன், நாலு பேரு...”

“என்ன நெறம்?”

“மெரூன். நல்ல அகலம்.”

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. பெட்டிப் பக்கம் போவார் என்று நினைத்தேன். உள்ளறைக்குப் போனார். பின்னாலேயே போனேன், போகாமல் எப்படி?

குனிந்து நின்றார். கண்ணாடியின் மேல்பாதியில் ஒரு பொட்டும் இல்லை. ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் தூசி படிந்த பசை வட்டம்தான். நடுவிலும் இல்லை. கீழே மிளகு அளவில் கொஞ்சம் மிச்சம். அவர் விரலை எடுத்து ஒரு வட்டத்தின் மேல் வைத்தார். அதை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார்.

“ஏலே கார்த்தி.”

சத்தம் போடவில்லை. அதனால்தான் அவன் ஓடி வந்தான்.

“இதெல்லாம் எங்க?”

அவன் கண்ணாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “சும்மாதானப்பா கெடந்தது. ஊசி திரும்பிக் குதிக்கதுக்கு ரிக்கார்டுல ஏதாவது ஒட்டணும். பேப்பர் ஒட்டிப் பாத்தேன், டேப் ஒட்டிப் பாத்தேன், ஊசி ஏறிப் போயிருது. பொட்டுதான் சரியா இருந்தது. நான் போயி கடையில பொட்டு வாங்கினா தெரு பூரா பேசும்லா.” மறுபடி என்னைப் பார்த்தான். நான் ஏன் பேசப் போகிறேன்?

“உங்கம்மா வச்சது.”

“தெரியும்ப்பா. ஆனா நீங்க...” என்றவன் நிறுத்திவிட்டான். அப்பா தினமும் இங்கே வந்து நிற்பது அவனுக்குத் தெரியாது போல. அந்த நேரத்தில் தூங்குகிறவன்.

“இப்பவே எடுத்துத் தந்திருதேன்ப்பா. பழைய எடத்துலயே ஒட்டிருதேன்.”

ஓடிப்போய்ப் பெட்டியில் இருந்து ஒரு தட்டை எடுத்தான். நகத்தால் பொட்டின் ஓரத்தைப் பைய நெம்பினான். பழைய பசை காய்ந்திருந்ததால் கோந்து தடவி ஒட்டியிருக்கிறான், மடையன். மேலே இருந்த வெல்வெட்டு மட்டும் உரிந்து நகத்தோடு வந்தது. அடியில் வெள்ளையாக ஒரு கறை.

“பிய்க்காத,” என்றார் அண்ணாச்சி. “லே, பிய்க்காத. வச்சிரு.”

அவன் நகத்தில் இருந்த மெரூன் தூளை என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். உதறவும் முடியவில்லை, துடைக்கவும் முடியவில்லை.

அண்ணாச்சி பெட்டியருகே உட்கார்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாக உறையில் இருந்து எடுத்தார். வயலினில் ஒன்று. சினிமாப் பாட்டில் ஒன்று. நாகசுரத்தில் இருந்தது எல்லாவற்றிலும் பெரிது. அதை எடுத்துப் பிளேயரில் வைத்தார். ஊசியை அவரே இறக்கினார்.

நாகசுரம் ஒழுங்காகத்தான் போனது. அண்ணாச்சி கண்ணை மூடவில்லை. சுற்றிச் சுற்றி வருகிற அந்த மெரூன் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி அதனிடம் போய்ச் சேர்ந்தது, தட்டி, ஒரு கோடு பின்னால் குதித்தது. அந்த இழுப்பு, தவில் உருட்டு. மறுபடி இழுப்பு, மறுபடி உருட்டு. அவர் கை முழங்காலில் இருந்து எழும்பியது, சுண்டுவிரல்கூட நீண்டது. பிறகு கை திரும்பி முழங்காலிலேயே வந்து உட்கார்ந்தது.

தெருவில் சரவெடி ஒன்று வெடித்து ஓய்ந்தது. உள்ளே அது ஓடிக்கொண்டேயிருந்தது. நாலு நிமிஷம் எப்போதோ தாண்டியிருக்கும். பக்கத்தில் டேப்ரிக்கார்டர், உள்ளே புதுக் கேசட். கார்த்திகேசன் அதன் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மாதமாக அவன் கெஞ்சியது இதற்குத்தான். கை போகவில்லை.

“என்னடா கார்த்தி!” என்று வாசலில் குரல். ஜெயராம், புதுச் சட்டை, காலர் ஓரத்தில் மஞ்சள். “நாளைக்கு எனக்கு வண்டி. கேசட் ரெடியா?” காதைக் கொடுத்துக் கேட்டான். “அட, பிரமாதமா சுத்துறதேடா! இதுதானா?”

“இல்ல,” என்றான் கார்த்திகேசன். “ரிக்கார்டு மாட்டிக்கிட்டு.”

“அப்ப தூக்கி வையேன்.”

யாரும் அசையவில்லை. ஜெயராம் என்னைப் பார்த்தான். அந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் நான்தான் என்று என் முகத்திலேயே எழுதியிருக்கும்போல. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வைக்கவில்லை.

சாயங்காலம் வரை சுவருக்கு அந்தப் பக்கம் அதே இழுப்பு, அதே உருட்டு. எங்கள் வீட்டுக்காரர் தீபாவளித் தூக்கம் கலைந்து எழுந்து கத்தினார்: “அந்தச் சவத்த யாராவது தூக்கி வைக்கச் சொல்லேம்ட்டி!”

“நீங்களே போயிச் சொல்லுங்க,” என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர்கள் நடைவரைக்கும் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.