சுண்ணாம்பு டப்பாவில் ஒரு கண்

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு எங்கள் குடும்பத்தில் நடந்த எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும், ஒன்றைத் தவிர, அதில் நான் இருக்க மாட்டேன். கோபித்துக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாகப் போனவள் நான்தான். ஃபோட்டோவுக்கு வெளியே லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் அபுதாஹிருக்குத் தாராவியில் ஃபோட்டோ தொழில். கேமராவின் தலையில் ஒரு ஃப்ளாஷ் இருக்கும். கேமராவிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பும். வயரின் மறுமுனையில் இன்னொரு ஃப்ளாஷும் அதைப் பிடித்தபடி நானும் இருப்போம். ஒரே ஃப்ளாஷில் எடுத்தால் முன்வரிசைக்காரர்களின் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும், பின்வரிசை இருட்டில் போய்விடும், பக்கவாட்டில் உயரத்திலிருந்து இன்னொரு வெளிச்சம் விழுந்தால்தான் மூக்கும் முழியும் தெரியும் என்பார். நான் உயரம். கையும் நீளம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்த மனுஷன் என் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் அளந்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் வெளி ஆம்பளையை விடமாட்டார்கள். பெண்டாட்டியோடு வந்தால் விடுவார்கள். ஆகையால் நான் விளக்குக் கம்பமும் ஆனேன், அனுமதிச் சீட்டும் ஆனேன். வயரின் நீளத்துக்கு மேல் நகர முடியாது. கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தால் பிரியாணியில் கறி இருக்காது, பட்டையும் கிராம்பும்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் என் தங்கை சைனபுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு விக்ரோலியில் கம்பெனி வேலை. செம்பூரில் மண்டபம் பிடித்தார்கள்.

"மச்சான், அன்னைக்கு நான் லைட்டு பிடிக்க மாட்டேன்" என்றேன். "பட்டுச்சேலை கட்டி, என் தங்கச்சிக்குப் பின்னால நின்னு ஃபோட்டோவுல விழணும். ஒரே ஒரு ஃபோட்டோ."

"அப்ப லைட்ட யாரு பிடிப்பா?"

"கம்பு பிடிக்கும்."

எண்ணெய் டின்னில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி மூங்கில் கம்பை நட்டோம். கம்பு என்னைவிட ஒழுங்காகவே நின்றது. ஆனால் தேவ்நார் கல்யாணம் ஒன்றில் ஒத்திகை பார்த்தபோது, வயர் இருப்பது தெரியாமல் சர்பத் தட்டோடு வந்த பெரியவர் தடுக்கி, அத்தனை தம்ளரையும் மாப்பிள்ளையின் மடியில் சேர்த்தார். மாப்பிள்ளை ரோஸ் நிற வேட்டியோடு நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். வயர் இல்லாமல் அடிக்கிற ஃப்ளாஷ்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது.

கோட்டை ஏரியாவில் ஒரு ஃபாரின் சாமான் கடையில் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று கேமராவில், ஒன்று ஃப்ளாஷில். ரேடியோ மாதிரி காற்றிலேயே சேதி போகுமாம். விலையைக் கேட்டதும் இவர் அதைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மெதுவாக மேசையில் கிடத்தினார். ரிப்பேர் ஆனால் எங்கே கொடுப்பது என்று நான் கேட்டேன். சிங்கப்பூரில் என்றான் கடைக்காரன்.

மாதுங்காவில் வெங்கடேஸ்வரன் என்று ஒரு வங்கி உத்தியோகஸ்தர், பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவர். அவர் செலவே இல்லாத யோசனை சொன்னார். "ரெண்டாவது ஃப்ளாஷே வேண்டாமே. இருக்கறதை மேலே பார்க்கத் திருப்பி அடிங்கோ. கூரையில பட்டு வெளிச்சம் தானா இறங்கும், எல்லாருக்கும் சமமா." வெள்ளைக் கூரை போட்ட வீட்டில் வாழ்கிறவர் சொல்கிற யோசனை அது. நாங்கள் போகிற கல்யாணங்களில் கூரை என்பது சிவப்பு ஷாமியானா. அடித்துப் பார்த்ததில் அந்த வாரக் கல்யாண வீட்டார் அத்தனை பேரும் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவர்கள் மாதிரி செக்கச்செவேலென்று இருந்தார்கள்.

கடைசியில் இரண்டு சந்து தள்ளி ரேடியோ ரிப்பேர் பார்க்கும் கரீம் பாட்சாதான் கைகொடுத்தார். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, அதற்குள் வெளிச்சத்தை உணர்கிற சின்ன சாமான் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

"இது கண்ணு. கேமரா ஃப்ளாஷ் அடிச்சா இது பாத்துரும். பாத்த அதே செகண்டுல ரெண்டாவது ஃப்ளாஷ அடிச்சுரும். வயரும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம். ஏக்தம் சிம்பிள்."

வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு இவர் கேமராவை அழுத்தினார். கம்பில் இருந்த ஃப்ளாஷ் பளிச்சென்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி பளிச். பேட்டரி எத்தனை நாள் வரும், மழையில் நனையலாமா, கேரண்டி உண்டா என்றெல்லாம் கேட்டோம். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நாங்கள் போன கல்யாணங்களில் ஃப்ளாஷ் வைத்திருந்த ஒரே ஆள் இவர்தான். அந்தக் கேள்வி எப்படி வாயில் வரும்?

நிக்காஹ் அன்றைக்கு மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையில், இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு நான் மண்டபத்துக்குள் நடந்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? முதல் பந்தியில் உட்கார்ந்து கறியோடு பிரியாணி சாப்பிட்டேன். அதன்பின் பெண்கள் பக்கத்து மேடையில் குடும்ப ஃபோட்டோவுக்கு நின்றோம். உயரம் என்பதால் என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். கம்பு வெளிச்சம் இல்லாவிட்டால் இருட்டில் போகிற வரிசை அது.

இவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். அந்த நேரம் பார்த்து, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் பெரியம்மா மகன் ஷாகுல் ஹமீது தன் புதுக் கேமராவில் ஒரு படம் எடுத்தான். கம்பில் இருந்த எங்கள் ஃப்ளாஷ் பளிச்சென்று அவனுக்காக அடித்தது. இவர் பட்டனை அழுத்தியபோது அது கீயென்று முனகியபடி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"துபாய் கேமரான்னா சும்மாவா" என்றாள் ஒரு மாமி. "அந்த மூலையில இருந்துகூட வெளிச்சம் வருது பாரு."

ஷாகுலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்னொன்று எடுத்தான். எங்கள் ஃப்ளாஷ் விசுவாசமாக அடித்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த கேமராவை எடுத்தார். அதற்கும் அடித்தது. மாப்பிள்ளையின் அக்கா, குவைத் கேமரா. அவளுக்கும் அடித்தது. என் புருஷனைத் தவிர வளைகுடா நாடுகள் அத்தனைக்கும் அது அடித்தது.

இவர் பந்தியில் இருந்த கரீம் பாட்சாவிடம் ஓடினார். எலும்பைக் கடித்தபடியே அவர் சொன்ன பதில் மேடைவரை கேட்டது. "அதுக்கு எப்படிங்க ஆளு தெரியும்? வெளிச்சம் வந்தா அடிக்கும்."

இவர் திரும்பி வந்து மேடைக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தார். நான் கம்பைப் பார்த்தேன். இறங்கிப் போய்ப் பிடிக்க வேண்டியதுதான். வயர் பையில் தயாராக இருக்கிறது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை எடுத்து வைத்தேன். சைனப் திரும்பி, "லாத்தா, எறங்காத" என்றாள்.

ஷாகுலிடம் கேமராவைப் பிடுங்கலாம், தம்பிதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் பிடுங்கினால் நிக்காஹ் நடந்த அன்றைக்கே சம்பந்தம் முறிந்துவிடும். ஆனால் இத்தனை கல்யாணத்தில் லைட்டோடு நின்றவளுக்கு ஒன்று தெரியும். ஃபோட்டோவில் நிற்க வாருங்கள் என்றால் வராத மனிதர் கிடையாது.

"சித்தப்பா, நீங்க இல்லாமக் குடும்ப ஃபோட்டோவா? மேல வாங்க" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சட்டைக் காலரைச் சரிசெய்தபடி ஏறிவிட்டார். "மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா, நீங்க கீழ நிக்கலாமா?" அவளும் ஏறினாள். கேமரா வைத்திருந்த ஒவ்வொருவரையும் மேடையில் ஏற்றினேன். பலகை முனகியது. கடைசியாக ஏறிய ஷாகுல் என் பக்கத்தில் நின்று, அங்கிருந்தே என் புருஷனைக் குறிவைத்துக் கேமராவைத் தூக்கினான். அவன் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தேன்.

"லாத்தா, வலிக்கி."

"சிரிலே."

கம்பில் சிவப்புப் பொட்டு எரிந்தது. சார்ஜ் ஏறிவிட்டது. இவர் கேமராவைத் தூக்கினார். இரண்டு ஃப்ளாஷும் ஒன்றாக அடித்தன.

ஒரு வாரம் கழித்துப் படம் கழுவி வந்தது. மொத்தக் கூட்டமும் மூக்கும் முழியுமாக இருந்தது. பின்வரிசையில் நான். மயில்கழுத்துப் பட்டு, முகத்தில் சிரிப்பு, இடது கையில் ஷாகுலின் மணிக்கட்டு. வலது கை மட்டும் தலைக்கு மேலே, முஷ்டி மடக்கி, பக்கவாட்டில் சரியான சாய்வில் உயர்ந்து நின்றது. பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி இருந்தேன்.

"கையக் கீழ போடுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மச்சான்?"

இவர் படத்தை வாங்கிப் பார்த்தார். சத்தியமாக அப்போதுதான் கவனித்தார்.

"எனக்குத் தப்பாத் தெரியலியே நூரு. நான் கேமராவத் தூக்குனா நீ கையத் தூக்குவ. அப்படித்தான உன்னப் பாத்திருக்கேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இந்த மனுஷன் இத்தனை வருஷம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தோன்றியதும் சண்டையே மறந்துபோனது.

அந்தப் படம் சைனப் வீட்டில் விக்ரோலியில் மாட்டியிருக்கிறது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது யார் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "எங்க லாத்தா, லைட்டு பிடிக்கிறாவ" என்பாள் அவள்.

"அன்னைக்கு நான் பிடிக்கலட்டி, வெளிச்சம் என் மேல விழுந்துச்சு" என்று ஒவ்வொரு தடவையும் நான் திருத்திச் சொல்வேன்.