எட்டடுக்கின் அடிப்பெட்டி

2024 நவம்பர் 18, திங்கள். அம்புக்குறியைப் படுக்கையாகப் போட்டுவிட்டேன். சின்னத் தப்புதான். யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டில் எழுதி முடித்த பேச்சிச்செல்வி 'சின்ன' என்ற சொல்லின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

தூத்துக்குடியில் செல்வதுரை அண்ணாச்சியின் சங்கு குடோனில் பேக்கிங் அவள் பொறுப்பு. மாலைகளில் பேக்கேஜிங் வகுப்புக்குப் போய்வந்தாள். அன்றைக்கு டீச்சர் இந்துமதி ஓர் அட்டையைக் கிழித்து, இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஓடும் நெளியைக் காட்டினார். பெட்டியின் பக்கங்களில் நெளி நின்றவாக்கில் இருந்தால் பாரம் தாங்கும். படுத்திருந்தால் நசுங்கும். பெட்டிக் கம்பெனிக்குத் தான் வரைந்து கொடுத்த படத்தில் அம்புக்குறி நெளி ஓடும் திசையைச் சொல்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மூடியை மடிக்கும் திசை என்றல்லவா நினைத்திருந்தாள்.

பெட்டிகள் வந்து, சங்கு நிரப்பி, எட்டெட்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து அட்டி போட்டாகிவிட்டது. சரக்கை ஏற்றிப்போக வரவேண்டிய கல்கத்தா லாரி மழையில் எங்கோ நின்றுவிட்டது. தூணை ஒட்டிய அட்டிக்குக் கீழே பிளாரன்ஸ் அக்கா உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாள். சரிந்தால் அவள் தலையில்தான் விழும். சொன்னாலோ, டிசம்பரில் தருவதாக அண்ணாச்சி சொன்ன சூப்பர்வைசர் வேலை போய்விடும்.

செவ்வாய்க்கிழமை அட்டியின் உச்சிக்கு நேராகத் தூணில் பென்சில் கோடு போட்டாள். புதன்கிழமை நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மூன்று தரம் அளந்தாள். வியாழக்கிழமை ஒன்பது. கடல்காற்றில் அட்டை நமுத்த அப்பளமாகியிருந்தது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று நோட்டில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மற்ற அட்டிகள் எல்லாம் இன்னும் இறங்கியிருந்தன. தூணோரத்து அட்டி மட்டும் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயர்ந்து நின்றது. எண்ணினாள். எட்டுப் பெட்டிதான். யாரும் தொடவில்லை என்றார்கள். நசுங்கிய அட்டை நிமிராது என்பதை வகுப்பில் படித்திருந்தாள்.

"என்னளா, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி அட்டியவே பாத்துக்கிட்டு நிக்க?" என்றாள் பிளாரன்ஸ்.

"இங்கன உக்காராதீங்கக்கா. பெட்டி பாரம் தாங்காது."

"அதெல்லாம் தாங்கும். நேத்து போகும்போது அடிப்பெட்டியத் தட்டி, நல்லாப் புடிச்சுக்கோன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அதுவும் உள்ளருந்து திருப்பித் தட்டிச்சு."

சிரித்தவள், பேச்சிச்செல்வி சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். "நெசமாத்தாம்ளா. சங்கு உருண்டிருக்கும்னு நெனச்சேன்."

பேச்சிச்செல்வி குனிந்து பார்த்தாள். பாரத்தில் நசுங்கும் பெட்டி வெளிப்பக்கம் பிதுங்கும். இது பிதுங்கவில்லை. மேல்விளிம்பு மட்டும் இரண்டு இடத்தில், ஒரு முழ இடைவெளியில், உள்ளிருந்து முட்டி எழும்பியிருந்தது, தோள் கொடுத்ததுபோல. ஓர் ஆள் குந்துவதற்கு அதில் இடம் கிடையாது. உள்ளங்கையை வைத்தாள். அட்டை ஈரமாய்ச் சில்லென்றிருந்தது. சுமை தூக்கி வெகுநேரம் நின்றவனின் கால்போல மெல்ல நடுங்கியது.

பிளாரன்ஸைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, நேரே அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார். தொடவில்லை.

"திங்கக்கிழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

சூப்பர்வைசர் வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பதில்போல உள்ளே ஒரு தட்டு கேட்டது. சாவியைப் பேச்சிச்செல்வியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

அன்றைக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. நோட்டில், திங்கட்கிழமைப் பக்கத்தில் இருந்த 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். பிறகு புதுப் பக்கத்தில் எழுதினாள்:

நாளை காலை எட்டு மணி. மற்ற அட்டிகளை முதலில் பிரிக்க வேண்டும். தூணோரத்து அட்டியை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பிளாரன்ஸ் அக்கா உள்ளே வரக் கூடாது. அடிப்பெட்டியை நான் திறக்க வேண்டும்.